ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கான மாத்திரை

பொது மருத்துவப் பிரிவில் புதிய மருத்துவர்களாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டிலிருந்து திருவண்ணாமலை மருத்துவமனை தூரமில்லை, ஆட்டோவில் ஏறினால் வந்துவிடலாம். உடம்புக்கும் ஒன்றுமில்லை. மேடையில் நின்று உற்சாகமாக எதையாவது சொல்ல வேண்டுமே, அதற்கான தெம்புதான் இல்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். வார்டு ஓய்ந்திருக்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

மருந்தின் அளவைப் பற்றியோ பரிசோதனைகளைப் பற்றியோ நான் சொல்லப் போவதில்லை. அவையெல்லாம் உங்கள் கைபேசியில் என்னைவிடத் தெளிவாக இருக்கின்றன. ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். காய்ச்சலோடு வந்து, ஊசி போட்டுக்கொண்டு, எழுந்து நடந்து போகிறவர்கள் உங்களைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் உங்கள் முகம் அவர்களுக்கு மறந்துவிடும். அது நல்லதுதான். தீராத நோயோடு வருகிறவர்கள் அப்படி இல்லை. அவர்கள் உங்களோடு சேர்ந்து வயதாகிறவர்கள். அவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு முழுவதும் தெரியும் என்றும் சொல்ல மாட்டேன்.

அவர் பெயரை வசந்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க மேடம், ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்றார். இருந்தாலும் பெயரை மாற்றியிருக்கிறேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் நெல், கொஞ்சம் வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. கணவர் ஏழுமலை, ஒரே மகள் சுகன்யா. வசந்தா முதலில் வந்தது அரிப்புக்காக. தோலில் தடிப்பு இல்லை, சொறி இல்லை, வெறும் அரிப்பு. உள்ளங்கையில் ஆரம்பித்து உடம்பு முழுக்க. களிம்புகள் போட்டுப் பார்த்தாயிற்று, கோயிலில் உப்பு கொட்டியாயிற்று. கைகளும் முதுகும் சொறிந்து சொறிந்து கறுத்துக் கிடந்தன.

"சீப்ப எடுத்து வறட்டு வறட்டுனு இழுப்பேன் மேடம். ரத்தம் வந்தாதான் கொஞ்சம் கம்மியாவும்" என்றார்.

ரத்தப் பரிசோதனைகள் வந்தபோது காரணம் தெரிந்தது. கல்லீரலுக்குள் ஓடும் மெல்லிய பித்தநாளங்களை உடம்பே எதிரியாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் நோய். பித்தநீர் போக வழியில்லாமல் உள்ளே தேங்கும். கவனிக்காமல் விட்டால் வருடங்கள் போகப் போகக் கல்லீரலே சுருங்கிவிடும்.

கணவனையும் மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னேன். கழனிக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால் தூர்ந்துகொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்த மாத்திரை தூர் வாராது, மேலும் தூராமல் பார்த்துக்கொள்ளும் என்றேன். ஏழுமலைக்கு ஒரு சந்தேகம்.

"குடிக்கறவங்களுக்குத்தான மேடம் லிவர் கெடும்? நான் குடிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவல. இவ மோர் தவிர ஒண்ணும் குடிச்சதில்லயே."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. ஊருக்கும் புரியவில்லை என்று பிறகு தெரிந்தது. வசந்தாவுக்கு ஈரல் கெட்டுப்போச்சாம் என்ற பேச்சு பரவி, மறைவாகக் குடிப்பாள் போலிருக்கிறது என்றுகூட யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை என்னிடம் சொல்லும்போது வசந்தா சிரித்தார். சிரித்துக்கொண்டே கையைச் சொறிந்தார்.

அன்று அவர் கேட்டது ஒரே கேள்விதான். "இந்த மாத்திரய சாப்ட்டா இன்னா ஆவும் மேடம்?"

"ஒண்ணும் ஆவாதும்மா. ஒண்ணும் ஆவாம இருக்கறதுக்குத்தான் மாத்திரை."

"எத்தினி நாளைக்கி?"

"எப்பவும்."

இந்த வார்த்தையைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குப் போகப் போகத் தெரியும். ஒருமுறை சொன்னால் தீர்ந்துவிடாது. அடுத்த மாதம் வந்து, இப்போது பரவாயில்லையே, நிறுத்தலாமா என்பார்கள். அதற்கு அடுத்த மாதமும் கேட்பார்கள். சாப்பிடுவதால் உடம்பில் எந்த மாற்றமும் தெரியாத மாத்திரையை, சாப்பிடாவிட்டாலும் உடனே எதுவும் தெரியாத மாத்திரையை, ஒருவர் வாழ்நாள் முழுக்க விழுங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே பதிலை அலுப்பு தெரியாமல் சொல்ல வேண்டும். எனக்கு அலுத்துப் போயிருக்கிறது. வசந்தாவுக்கும் அலுத்திருக்கும். இருந்தாலும் புதன்கிழமை தோறும் நடக்கும் கல்லீரல் பிரிவுக்கு, மாதத்தில் ஒரு புதன் தவறாமல் வந்துவிடுவார். அது பௌர்ணமியில் விழுந்தால் மட்டும் கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. ஒரு வாரம் தள்ளி வருவார்.

மாத்திரை தன் வேலையைச் செய்தது. ரத்தத்தில் எண்கள் இறங்கின. ஆனால் அரிப்பு இறங்கவில்லை. இந்த நோயில் அது நடக்கும். எண்கள் நன்றாக இருக்கின்றன என்று நாம் திருப்திப்பட்டுக்கொண்டிருப்போம், எதிரில் இருப்பவர் தூங்கி மாதக்கணக்காகியிருக்கும். அரிப்புக்கு ஒரு பொடி கொடுத்துப் பார்த்தேன். அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு, காசநோய்க்குக் கொடுக்கிற ஒரு சிவப்பு மாத்திரையைக் கொடுத்தேன். அது இந்த அரிப்பையும் அடக்கும். சிலருக்கு அதுவே கல்லீரலைக் கெடுத்துவிடும் என்பதால் ரத்தம் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த முறை வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "தூங்கனேன் மேடம்" என்றார். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

சுகன்யா படிப்பை முடித்துவிட்டுத் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அடி அண்ணாமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. கிரிவலப் பாதையில் அவர்களுக்கு ஒரு கடை, கொஞ்சம் நிலம், பையனுக்குச் சென்னையில் வேலை. இரு வீட்டுக்கும் பிடித்துப்போய், நிச்சயதார்த்தமும் நடந்துவிட்டது. வசந்தா இனிப்போடு வந்து எனக்கும் செவிலியர்களுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த பௌர்ணமியில் கிரிவலம் சுற்ற வந்த வசந்தா, சம்பந்தி வீட்டில் தங்கியிருக்கிறார். காலையில் எழுந்து, பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டிருக்கிறார். மறைத்துச் சாப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பையனின் அம்மா அதைப் பார்த்துவிட்டார். அந்தச் சிவப்பு மாத்திரையை அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய கணவருக்குக் காசநோய் வந்து, மாதக்கணக்கில் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.

அடுத்த சில நாட்களில் அவர் என் அறைக்கு வந்தார். தலைச்சுற்றல் என்று சீட்டுப் போட்டிருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, உங்ககிட்ட காட்டுறாங்களே வசந்தானு, கீழ்பென்னாத்தூர் பக்கம். அவங்களுக்கு டிபியா?"

வெளியே வரிசை கதவு வரைக்கும் நின்றது. யோசிக்க நேரமில்லை. டிபி இல்லை என்று சொன்னால், அப்படியானால் வேறு என்ன என்று கேட்பார். எதுவும் சொல்லாவிட்டால் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார். இரண்டில் எதுவானாலும் அடிபடப் போகிறவர் அங்கே இல்லாத வசந்தா.

"யாரோட உடம்பைப் பத்தியும் இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டேம்மா. நாளைக்கு யாராவது வந்து உங்களப் பத்திக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அவங்ககிட்டயே கேளுங்க."

"நீங்க சொல்லாததுலயே தெரியுதுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

வரிசை முடிந்த பிறகு வசந்தாவைக் கைபேசியில் கூப்பிட்டேன். பேச்சு எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"ரெண்டு மாத்திரயும் நிறுத்திட்டேன் மேடம். கல்யாணம் முடியட்டும்."

"வசந்தா, அப்படி நிறுத்தக் கூடாதும்மா."

"ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. அவங்க மறுபடி வந்து கேட்டா, அது சத்து மாத்திரனு சொல்லிடுங்க. ஒரு வார்த்ததான மேடம்."

ஒரு வார்த்தைதான். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன், உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. கல்யாணம் நடந்துவிடும், எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு? சத்து மாத்திரையை ஏன் நாள் தவறாமல் சாப்பிடுகிறீர்கள், அதற்கு ஏன் மாதாமாதம் ரத்தம் எடுக்கிறார்கள் என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். வசந்தா மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்க ஆரம்பிப்பார். ஒளித்துச் சாப்பிடுகிற மாத்திரை ரொம்ப நாள் ஓடாது. நோயை மறைத்த குடும்பங்களில் மருந்து நின்றுபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"பொய் சொல்ல மாட்டேம்மா. உங்க சம்மதம் இல்லாம உண்மையையும் சொல்ல மாட்டேன். நாளைக்கு வாங்க, உட்கார்ந்து பேசுவோம்" என்றேன்.

"சரி மேடம்" என்றார். வரவில்லை. அந்த மாதத்துப் புதனுக்கும் வரவில்லை. கூப்பிட்டால் ஏழுமலை எடுத்து, "வேல ஜாஸ்தி மேடம், மல்லாட்ட புடுங்கிக்கினு இருக்கோம்" என்பார்.

கடைசியில் சுகன்யாதான் அழைத்து வந்தாள். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது போலிருந்தது. அந்த வெயிலிலும் வசந்தா முழுக்கை ரவிக்கை போட்டிருந்தார். கையை மேலே ஏற்றச் சொன்னேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பச்சைப் புண்ணாக இருந்தது. கண்ணில் லேசாக மஞ்சள் தெரிந்தது. பேச்சில் உயிர் இல்லை.

"தூங்கறீங்களா?"

தலையை ஆட்டினார், இல்லை என்று.

"அம்மா கெணத்தாண்ட போயி நின்னுச்சு மேடம். நான் பாத்துட்டு இட்டாந்தேன்" என்றாள் சுகன்யா.

"குதிக்க இல்ல மேடம்" என்றார் வசந்தா அவசரமாக. "தண்ணி ஜில்லுனு இருக்குமேனு. உள்ள எறங்கி நின்னா எரிச்சல் அடங்குமேனு."

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். அரிப்பு என்று சீட்டில் எழுதும்போது அது சின்ன விஷயமாகத் தெரியும். அதுவும் ஆளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அப்படிப்பட்ட நேரத்தில் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். நான் கேட்டேன்.

"செத்துடலாம்னு தோணுச்சாம்மா?"

மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "தோணுச்சு" என்றார்.

அன்றே வார்டில் சேர்த்தேன். முகூர்த்தம் கிட்ட வருகிறது, இப்போது ஆஸ்பத்திரியில் படுத்தால் இருக்கிற சந்தேகமும் உறுதியாகிவிடும் என்று வசந்தா மன்றாடினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன், மனநல மருத்துவரையும் வந்து பேசச் சொன்னேன். ரத்தம் பார்த்துவிட்டு, இரண்டு மாத்திரைகளையும் மறுபடி தொடங்கினோம். அரிப்பு கொஞ்சம் அடங்கி, அவர் ஒரு மதியம் அயர்ந்து தூங்கி எழுந்த பிறகுதான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"இது உங்க வியாதி வசந்தா. வெளிய சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். சொல்றதா இருந்தா நான் பக்கத்துல இருக்கேன். அவங்க கேக்கறதுக்கு நான் பதில் சொல்றேன்."

 வசந்தா சுகன்யாவிடம், "உங்க அத்தைக்கு போன் பண்ணு" என்றார். அதற்குள்ளேயே பையனின் அம்மாவை அத்தை என்று கூப்பிட சுகன்யா பழகியிருந்தாள்.

அவர் தனியாகத்தான் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். வசந்தா எழுந்து உட்கார்ந்து, முதலில் இருந்து எல்லாவற்றையும் அவரே சொன்னார். அரிப்பு, ஈரல், வாய்க்கால், மாத்திரை. நான் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னார். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப டிபி இல்ல."

"இல்லீங்க."

"இது எப்ப தீரும்?"

"தீராதுங்க. மாத்திர சாப்ட்டுக்கினே இருக்கணும்."

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். "அதுக்கு டிபியே தேவலாம் போல. எங்க வூட்டுக்காரருக்கு ஆறு மாசத்துல முடிஞ்சிடுச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தொத்துமாங்க?"

"தொத்தவே தொத்தாது."

"பொண்ணுக்கு வருமா?"

சுகன்யா ஜன்னலோரம் நின்றிருந்தாள். வசந்தா என்னையே பார்த்தார். அந்தப் பார்வை கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது.

"பெரும்பாலும் வராதும்மா. அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கு வர்றதுக்கு மத்தவங்களவிட வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஆனாலும் நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல வர்றதில்ல. வந்தாலும் ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு மாத்திரை குடுத்தா நல்லா இருக்கலாம். வரவே வராதுனு மட்டும் என்னால சத்தியம் பண்ண முடியாது."

யோசித்துச் சொல்கிறோம் என்று அவர் எழுந்து போனார். அவர் போனதும் வசந்தா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"வராதுனு சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.

 சொல்லக்கூடிய பதில்கள் இருந்தன, அன்று அவற்றுக்கு அர்த்தமில்லை. கொஞ்ச நேரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

இரண்டொரு நாளில் அந்த அம்மாள் மறுபடி வந்தார். ஆள் விட்டுச் சொல்லியிருக்கலாம், போனில் சொல்லியிருக்கலாம், அவரே நேரில் வந்தார்.

"டாக்டரம்மா சொன்னத நம்பறேன். உங்க மேலயும் எனக்குக் கோவம் இல்ல. ஆனா வேணாங்க. எங்க வூட்டுக்காரர் படுத்தப்ப மாத்திர எடுத்துக் குடுத்து, எச்சி பாத்து, ஊர் வாய மூடி, நான் ஒருத்தியாத்தான் கெடந்தேன். அவர் எந்திரிச்சிட்டாரு. நான் இன்னும் எந்திரிக்கல. நாளைக்கி ஒண்ணுனா இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பு இல்லீங்க."

அவர் மேல் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, முடியவில்லை. எதிரே கட்டிலில் இருந்த வசந்தாவுக்கும் முடியவில்லை போலிருக்கிறது. "புரியுதுங்க" என்றார். இரண்டு பெண்களும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணம் நின்றுபோயிற்று.

சொன்ன உண்மைக்குப் பலன் கிடைத்தது என்று உங்களிடம் சொல்ல எனக்கு ஆசைதான். கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் வசந்தா மாத்திரையை வாங்க மறுத்தார். யாருக்காக இனி என்றார். செவிலியர் கெஞ்சினார், நானும் சொல்லிப் பார்த்தேன். சுகன்யா தண்ணீர் தம்ளரோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பொய் சொல்லிட்டு அந்த வூட்டுக்குப் போயிருந்தா தெனமும் உன்ன மறச்சிக்கினே இருந்திருப்பேன்மா. எனக்கு அது வேணாம். சாப்டு."

வசந்தா மகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாத்திரையை வாங்கி விழுங்கினார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் வந்தார். ஆனால் வெகுநாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கையை நீட்டுவார், ரத்தம் கொடுப்பார், மாத்திரையை வாங்கிக்கொண்டு போவார். நான் கேட்டால் மட்டும் பதில் வரும். இதுவும் நம் வேலையில் சேர்த்திதான். கோபத்தோடு வருகிற நோயாளி வருகிறார் என்பதுதான் முக்கியம். வராமல் போகிறவரைத்தான் தேடிப் போக வேண்டும்.

சுகன்யாவுக்குக் கொஞ்ச காலம் கழித்து வேறு இடத்தில் திருமணமானது. பெண் பார்க்க வந்த அன்றே, அம்மாவுக்கு இன்ன நோய், வாழ்நாள் முழுக்க மருந்து என்று அவளே சொல்லிவிட்டாளாம். அவர்களும் யோசித்துச் சொல்கிறோம் என்றுதான் போனார்களாம். பிறகு சரி என்றார்களாம். வசந்தா இதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு நன்றி சொல்லவில்லை, பழியும் சொல்லவில்லை. இனிப்பு கொண்டு வந்திருந்தார்.

அன்று அந்தக் கேள்விக்கு நான் வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் சில நேரம் யோசிப்பேன். முடிவு கிடைப்பதில்லை. வயதானால் தெளிவு வரும் என்று நினைத்திருந்தேன். களைப்புதான் வந்திருக்கிறது.

நான் ஓய்வு பெற்ற மாதம், என் கடைசிப் புதன்கிழமை வசந்தா வந்தார். கண்ணில் மஞ்சள் இல்லை, எண்கள் அப்படியே நின்றிருந்தன. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து வேறு டாக்டர் பார்ப்பார் என்றேன்.

"மறுபடி மொதல்ல இருந்து சொல்லணுமா மேடம்?"

"எல்லாம் எழுதி வெச்சிருக்கேம்மா. ஆனாலும் கேப்பாங்க. சொல்லுங்க."

"சலிச்சிப் போச்சு மேடம்."

"எனக்கும்தாம்மா."

இருவரும் சிரித்துவிட்டோம். வெளியே அடுத்தவர் கதவைத் தட்டினார்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து, உங்கள் முன்னால் அவர் உட்காருவார். கேட்டால் சுருக்கமாகத்தான் சொல்வார், பாதியை விட்டுவிடுவார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று எடுத்ததும் கேட்காதீர்கள். ஆமாம் என்பார், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ராத்திரி தூங்குகிறீர்களா என்று கேளுங்கள். அந்த மாத்திரையை எல்லோர் எதிரிலும் சாப்பிட முடிகிறதா என்று கேளுங்கள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.